உதடு ஒட்டாத சொல்

ஜூன் 5, திங்கள்

வந்து சேர்ந்தோம். வீடு மேகோங் ஆற்றங்கரையில் மரக் கால்கள்மேல் நிற்கிறது. இந்தக் கரை தாய்லாந்து, அந்தக் கரை லாவோஸ். கீழே சமைப்பதற்கு ஒரு தகரக் கொட்டகை. குழாயில் காலையில் மட்டும் தண்ணீர். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. வைகுண்டம் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அதைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார்.

மின்வாரியத்திலிருந்து மார்ச்சில் ஓய்வு பெற்ற மனிதருக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று திருநெல்வேலியிலேயே கேட்டேன். "நீ தனியா போவண்டாம், அவ்வளவுதான்" என்றார். இத்தனை வருடமாக நான் தனியாகத்தான் இந்தப் பக்கம் வந்து போகிறேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சிள்வண்டுகள் ஓயாமல் கத்துகின்றன. கொட்டகையை விட்டு ஆற்றுப்பக்கம் போனாலும் அதே சத்தம்.

ஜூன் 6, செவ்வாய்

அரிசி, வெங்காயம், கொசுவர்த்தி வாங்கினோம். புளி கிடைத்தது. பருப்பு கிடைக்கவில்லை.

நான் செய்யும் வேலை என்ன என்று, கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் கழித்து இன்று கேட்டார். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னேன். பாங்காக்கில் பேசுவது, லாவோஸில் பேசுவது, பர்மாவின் ஷான், தென்சீனத்து சுவாங், இந்த ஊரில் பேசும் சேக் எல்லாம் ஒரே மொழியிலிருந்து பிரிந்தவை. அந்த மூலமொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைகிற மாதிரி, இருக்கிற மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் பார்ப்பது அதிலும் ஒரு சின்ன மூலை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் ஒட்டி நின்ற இடங்கள்.

மீனுக்குப் பாங்காக்கில் ப்லா, லாவோஸில் பா. ஆதியில் ப்ல இருந்தது, லாவோஸில் ல நழுவிவிட்டது. இதில் தகராறு இல்லை. கண்ணில்தான் தகராறு. பாங்காக்கில் தா. சேக்கில் ப்ரா. தென்சீனத்தில் சில ஊர்களில் ரா. ஆதியில் த்ர இருந்தது என்பது ஒரு கட்சி. இல்லை, முன்னால் ஒரு ப இருந்தது, அதை அடுத்து த நின்றது, சேக்காரர்கள் அந்த ப-வை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. சாவதற்கான சொல்லிலும் இதே கதைதான். பாங்காக்கில் தாய், சேக்கில் ப்ராய்.

"சாவுக்குத் தாயா?" என்று அவர் தேங்காய்மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்க அப்படித்தான்."

"சரி, எவனாவது ஒருத்தன் கண்ணுக்கு த்ரான்னு சொல்லிட்டான்னா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. சொன்னா நான் எழுதினதுல பாதி அடிவாங்கும்."

"ஒத்த எழுத்துக்கா இவ்வளவு சண்டை" என்றார். ஆமாம், ஒற்றை எழுத்துக்குத்தான்.

இந்த ஊர்ப் பேச்சை இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு தொகுப்புக்குக் கட்டுரை தர வேண்டும். இந்த ஊரின் சொற்களோடு கொடுத்தால் விவாதம் முடிந்த மாதிரிதான்.

ஜூன் 8, வியாழன்

பேசச் சம்மதித்தவள் பெயர் மாலி. அறுபது தாண்டியவள், என்னைவிட மூன்று நான்கு வயது மூப்பு. மீனை உப்பும் தவிடும் போட்டு ஜாடியில் ஊறவைத்து விற்கிறாள். உட்கார்ந்து பேச நேரமில்லையாம், கைவேலையோடு பேசுவாளாம். மீன் வாடைக்கு மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் தாய்லாந்து மொழியில் கேட்க, அவள் சேக்கில் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியை அவள் கழுத்தருகே மாட்டினோம்.

மீன்: ப்லா. கண்: ப்ரா. சாவு: ப்ராய். எதிர்பார்த்தபடியே இருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

மழை. தகரக் கூரையின் கீழ் பதிவு சாத்தியமில்லை. துணி காயவில்லை.

ஜூன் 12, திங்கள்

பதிவுக் கருவியை வைகுண்டம் பார்த்துக்கொள்கிறார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஏதோ பெரிய இசையமைப்பாளர் மாதிரி தலையாட்டுகிறார். வேலை முடிந்து வரும் வழியில் ஆரம்பித்தார்.

"கோமு, அந்தம்மா கண்ணுக்கு திரான்னுல்லா சொல்லுது? நீ ப்ரான்னு எழுதியிருக்க."

"உங்களுக்கு மீனும் பலாப்பழமும் ஒண்ணு. பேசாம வாங்க."

"மீன் பலாதான், ஒத்துக்கிடுதேன். ஆனா கண்ணு திரா."

பயிற்சி இல்லாத காது தனக்குத் தெரிந்த ஒலியைத்தான் கேட்கும். முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான். அவரிடம் அதைச் சொன்னேன். "இருக்கும் இருக்கும்" என்று நிறுத்திக்கொண்டார்.

அவருக்கு ஒரு புதுப்பழக்கம் வந்திருக்கிறது. பேச வேண்டுமென்றால் சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்றுகொள்கிறார். நடக்கும்போதும் அப்படியே. இன்று வழியில் கிடந்த வாளியில் இடித்துக்கொண்டார்.

ஜூன் 14, புதன்

மாலிக்குப் பொறுமை குறைவு. ஒரு சொல்லை நாலைந்து தடவை சொல்லச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். 'கண்'ணை மறுபடி கேட்டதும் அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு எழுந்து வந்து என் காதோரம் குனிந்து கத்தினாள். ஊர்ப்பேச்சு ஆய்வில் மரியாதைக்குறைவைப் பொருட்படுத்தக் கூடாது.

கத்தியபோதும் ப்ரா-தான்.

சாயங்காலம் சிள்வண்டுகளைப் பற்றி அலுத்துக்கொண்டேன். "எந்த வண்டு?" என்றார் வைகுண்டம். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்று கேட்டார். பிறகு கொசுவர்த்தியை மாற்றப் போய்விட்டார்.

ஜூன் 16, வெள்ளி

மகள் உமையாள் ஓசூரிலிருந்து பேசினாள். லைன் சரியில்லை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. டாக்டரிடம் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள். ஸ்கேன் என்று காதில் விழுந்தது. நாலாவது மாதம், ஸ்கேன் எடுத்திருப்பார்கள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்தது. "ரொம்ப நல்லது, சந்தோஷம், உடம்பைப் பாத்துக்கோ" என்றேன். வேறென்னவோ சொன்னாள். அதற்கும் நல்லது என்றேன். சட்டென்று வைத்துவிட்டாள். மருமகன் வந்திருப்பார்.

உடல் உறுப்புச் சொற்கள் முடிந்தன. நாளை வீட்டுச் சாமான்கள்.

ஜூன் 18, ஞாயிறு

உமையாளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வைகுண்டம் ஆற்றங்கரையில் நடந்துகொண்டே வெகுநேரம் யாருடனோ போனில் பேசினார். மேலே வந்தபோது, யார் என்று கேட்டேன். ஆபீஸ் ஆள் என்றார். ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டார்கள் போல. ரசம் வைத்திருந்தேன், சாப்பிடவில்லை.

ஜூன் 19, திங்கள்

மாலியின் தண்ணீர் மோட்டாரை வைகுண்டம் சரிசெய்து கொடுத்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. ஆனாலும் இருவரும் மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சைகையிலேயே ஏதோ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாலி என்னைக் காட்டி, தன் காதைத் தொட்டு, கையை விரித்தாள். அவர் தலையாட்டினார். மோட்டார் சத்தத்தைப் பற்றியதாக இருக்கும்.

உமையாள் இன்றும் எடுக்கவில்லை.

ஜூன் 21, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் மாலி சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிடுவதற்காக முகத்துத் துணியை அவிழ்த்தாள். இத்தனை நாளில் அவள் வாயை நான் முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். இன்று மழைக்காக அங்கேயே ஒதுங்கியிருந்தேன். அடுப்புப் புகை அவள் பக்கம் திரும்பியது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கண் எரிகிறது என்று தன் மொழியில் சொன்னாள்.

உதடு ஒட்டவில்லை.

ப சொல்ல வேண்டுமென்றால் இரண்டு உதடும் சேர்ந்தாக வேண்டும். உலகத்தில் எந்த மொழிக்கும் இதில் விலக்கு கிடையாது. கண் என்று மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். உதடு திறந்தேதான் இருந்தது, நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய் வந்தது. மீன் என்று சொல்லச் சொன்னேன். உதடு ஒட்டிப் பிரிந்தது. சாவு? ஒட்டவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு, கண் என்று சொல் என்றேன். ப்ரா என்று கேட்டது. திறந்து பார்த்துக் கேட்டேன். த்ரா. மறுபடி மூடினேன். ப்ரா.

மாலி சோற்றைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "முதல் நாளே நினைச்சேன். என் அண்ணனும் இப்படித்தான், பேசுறவங்க வாயையே பாத்துட்டு இருப்பான். நான் துணி கட்டியிருந்தேன், உனக்கு வாய் தெரியல" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

மழை விடுவதற்குள் வீட்டுக்கு வந்தேன். வைகுண்டத்தை எனக்குப் பின்னால் படியில் நிற்கச் சொன்னேன். பிரா, திரா இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், நான் எது என்று சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினார். சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன்.

"எத்தன தப்பு?"

"நீ எல்லாத்துக்கும் பிரான்னுட்ட."

"நீங்க எல்லாத்தையும் பிரான்னே சொல்லியிருப்பீங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "பாதிக்குப் பாதி சொன்னேன், கோமு."

"எவ்வளவு நாளா தெரியும் உங்களுக்கு?"

"போன தீபாவளிக்கு முன்னாலயே. பக்கத்துல நிப்ப, குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே கெடக்கும், அணைக்க மாட்ட. பாளையங்கோட்டைல டாக்டர்ட்ட ரெண்டு தடவ நேரம் வாங்கினேன்லா? நீதான் கூட்டம் இருக்கு, பரீட்சை இருக்குன்னுட்ட."

"கூட்டம் இருந்தது."

"இருந்தது. நான் இல்லைங்கல" என்றார். "அதனாலதான் கூட வந்தேன்."

சிள்வண்டுகள் இந்த மாதத்தில் இந்த ஊரில் கத்துவதில்லையாம். மாலியிடம் போய்க் கேட்டு வந்தேன்.

ஜூன் 22, வியாழன்

காலையில் பதிவுகளைக் கணினியில் போட்டு ஒலியின் படத்தை எடுத்தேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். காது போதும் என்று இருந்துவிட்டேன். த-வுக்கு ஒலி வெடிக்கும் இடத்தில் மேல்சுருதியில் ஒரு கறுப்புப் பட்டை விழும், ப-வுக்கு விழாது. மாலி சொன்ன ஒவ்வொரு 'கண்'ணிலும் அந்தப் பட்டை இருக்கிறது. எனக்குக் கேட்காமல் போவது அந்த மேல்சுருதிதான்.

ஆகவே இந்த ஊரில் கண் த்ரா. சாவு த்ராய். நோட்டில் அடித்து எழுதினேன். போன வருடம் வேறு இரண்டு ஊர்களில் காதால் மட்டும் கேட்டு எழுதியதையும் இனி நம்ப முடியாது. அதற்கு முந்தைய வருடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனக்கு வருத்தம்தான். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பரபரப்பும் இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். இதுவரை யாரும் கேட்டிராத ஒன்று என் கையில் இருக்கிறது. யார் கட்சியாக இருந்தால் என்ன. மத்தியானம் வைகுண்டத்திடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மேல்சுருதி, கறுப்புப் பட்டை, ப-வும் த-வும் அடுத்தடுத்து நின்றதற்கு இதையே வேறுவிதமாகச் சான்றாக்க முடியுமா என்று. அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோமு, அன்னைக்கு உமையா போன்ல என்ன சொன்னா?"

"டாக்டர்ட்ட போனதா சொன்னா. ஸ்கேன் எடுத்தாங்களாம்."

"அப்புறம்?"

"லைன் சரியில்ல."

"லைன் நல்லாத்தான் இருந்தது" என்றார். ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். "ஸ்கேன்ல துடிப்பு இல்லன்னுட்டாங்க. மறுநாள் ஆஸ்பத்திரில சேரச் சொல்லியிருக்காங்கன்னு உங்கிட்ட சொல்லியிருக்கா. நீ வந்தா நல்லா இருக்கும்மான்னு கேட்டிருக்கா."

நான் என்ன பதில் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். இந்த நோட்டிலேயே ஆறு பக்கத்துக்கு முன்னால் இருக்கிறது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஞாயித்துக்கெழம. மாப்பிள்ள சொன்னாரு. உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. காது விஷயத்த ஒத்துக்கிடாம இத மட்டும் சொன்னா, நீ அவ மேலயும் லைன் மேலயும் பழியப் போடுவ."

சரிதான். போட்டிருப்பேன்.

ஜூன் 23, வெள்ளி

வேலை செய்யவில்லை.

ஜூன் 24, சனி

உமையாளுக்கு வாட்ஸ்அப்பில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். போனில் பேசினால் அவள் சொல்வது எனக்குக் கேட்காது. எழுதினால் அது கடிதம் மாதிரி இருக்கிறது. கடைசியில் 'வருகிறேன்' என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை.

சொற்பட்டியலில் பாதிதான் முடிந்திருக்கிறது. மூட்டை கட்டிவிடலாம், இருவரும் கிளம்புவோம் என்றேன்.

"நீ போ. நான் இருக்கேன்" என்றார் வைகுண்டம். "அந்தம்மா சொல்லும், நான் பொத்தான அமுக்குவேன். நாளைக்கு இன்னொருத்தன் வந்து திரும்ப எல்லாத்தையும் கேக்கணுமா?"

"அவ என்ன சொல்லுதான்னே உங்களுக்குப் புரியாதே."

"சொல்லுக்கு ஒரு படம் போட்டுக் குடு. படத்தக் காட்டுதேன். அவ சொல்லுவா."

மாலியிடம் சொன்னேன். மகளுக்கு இப்படி ஆகிவிட்டது என்றும் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இனி துணி கட்டாமலே பேசுவதாகவும், அவர் அதை வீடியோ எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னாள். பிறகு, "உன் புருஷன் நல்லவன், ஆனா சமையல் தெரியாது போல, அதையும் நானே பாத்துக்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

நாள் முழுக்கப் படம் வரைந்தேன். பலகை, ஏணி, உப்பு, அட்டை, வயிறு. 'தூரம்' என்பதற்கு எப்படிப் படம் போடுவது என்று தெரியாமல் ஒரு சாலையும் அதன் முடிவில் ஒரு சின்ன வீடும் போட்டேன். வைகுண்டம் பார்த்துவிட்டு, "வீடுன்னுதான் சொல்லுவா" என்றார்.

ஜூன் 26, திங்கள்

பாங்காக் விமான நிலையம். அறிவிப்புகள் வெறும் இரைச்சலாக இருக்கின்றன. முன்பெல்லாம் ஒலிபெருக்கி மட்டம் என்று நினைத்துக்கொள்வேன். கவுண்டரில் இருந்த பெண் ஏதோ கேட்டாள், புரியவில்லை. "எனக்குக் காது சரியாகக் கேட்காது, என்னைப் பார்த்துப் பேசுங்கள்" என்று அவள் மொழியில் சொன்னேன். யாரிடமும் இதை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. அவள் உடனே முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஜன்னலோரமா நடுவிலா என்று கேட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

காத்திருந்த நேரத்தில் தொகுப்பாசிரியருக்கு எழுதினேன். புதிய ஊரில் த்ர கிடைத்திருக்கிறது. இது நான் இதுவரை வாதிட்டு வந்ததற்கு எதிரான சான்று. கடந்த ஆண்டு நான் கொடுத்த தரவுகளை மேற்கோள் காட்ட வேண்டாம், என் செவித்திறன் குறைந்திருப்பதால் அவற்றைப் பதிவிலிருந்து மறுபடி சரிபார்க்க வேண்டும். இப்போதைய பதிவுகளைச் செய்பவர் திரு. வைகுண்டம். எழுதி முடித்து அனுப்பவும் செய்துவிட்டேன்.

ஜூன் 28, புதன். ஓசூர்

நேற்று வந்தேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். உமையாள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "வாங்கம்மா" என்றாள், திரும்பாமலே. அப்படித்தான் சொல்லியிருப்பாள். எனக்குக் கேட்கவில்லை. நேற்று முழுக்க அவ்வளவுதான். பூண்டுக் குழம்பு வைத்தேன். கொஞ்சம் சாப்பிட்டாள்.

இன்று காலை மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு டிவியையும் மின்விசிறியையும் அணைத்தேன். கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. முழங்கால் கட்டிலில் இடித்தது.

"உமையா, அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல."

"அப்பா சொன்னாங்க" என்றாள்.

"நான் நல்லதுன்னு சொன்னதுக்கு..."

"விடும்மா."

"விடல. காது போய்க்கிட்டே வருது எனக்கு. ஒரு வருசமா. நான் யார்ட்டயும் சொல்லல, என்ட்டயே சொல்லல. நீ வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்க, நான் வரல. இப்ப வந்திருக்கேன். அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுதியா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் திடீரென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டதை, டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று வெளியே போனதை, இவள் வயிற்றில் பசையோடு தனியாகக் கிடந்ததை. வெளியே வந்து முதலில் எனக்குத்தான் போன் செய்தாளாம். மாப்பிள்ளைக்குக்கூட அப்புறம்தான்.

இரண்டு மூன்று இடங்களில் குரல் இறங்கிப் புரியாமல் போனது. புரிந்த மாதிரி தலையாட்டவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டே மறுபடி சொன்னாள்.

"ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேம்மா" என்றாள் கடைசியில்.

"என்ன பேரு?"

சொன்னாள். முதல் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள்.

இப்போது சரியாகத் தெரிந்தது. திருப்பிச் சொல்லிக் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் வைத்தது.